காட்டு வெங்காயம் என்று எழுதாதீர்கள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சமையல் குறிப்பு வந்தது. தலைப்பு: 'காட்டு வெங்காயத்தைப் பாதுகாக்கும் எளிய முறை'. கூடவே ஒரு படம். அகலமான பச்சை இலை இரண்டு, கருஞ்சிவப்புத் தண்டு, அடியில் வெள்ளைக் குருத்து போல ஒரு சின்னக் கிழங்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அமெரிக்காவில் ராம்ப்ஸ் என்று சொல்கிற செடி. மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் இருந்த 'வைல்ட் ஆனியன்' என்ற இரண்டு சொற்களையும் தனித்தனியே தமிழாக்கி ஒட்டிவிட்டார். இதே ஒட்டுவேலையை இந்த ஒரு வருடத்தில் நான்கைந்து தடவை பார்த்துவிட்டேன். எழுதியிருக்க மாட்டேன், ஆனால் அண்ணன் மகள் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தாள்: "சித்தப்பா, இது நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமா?"

கிடைக்கும். அதுதான் தொல்லை.

கடையில் காட்டு வெங்காயம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது நரிவெங்காயத்தை. ட்ரிமியா இண்டிகா என்பது அதன் தாவரவியல் பெயர். பார்க்க வெங்காயம் போலவே அடுக்கடுக்காக இருக்கும். ஆனால் வெங்காயக் குடும்பமே இல்லை. இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப்பொருள்கள் அதில் உண்டு. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து, அளந்து, இருமலுக்கும் கபத்துக்கும் கொடுப்பார்கள். அதன் மத்தியதரைக்கடல் உறவுக்காரச் செடியை எலிக்கு விஷமாகவே வைத்திருக்கிறார்கள். இதை வாங்கி வினிகரில் ஊறப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் தேரிமணலில் ஒன்றைத் தோண்டி எடுத்து, கடைச்சாமான் விளையாட்டில் சமைக்கிறேன் என்று பிளேடால் நறுக்கியிருக்கிறேன். கண் எரியவில்லை, வெங்காய வாசமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் விரலிடுக்கெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. ஊசி போன்ற படிகங்கள் அதில் இருப்பதால் வரும் அரிப்பு என்று பிற்பாடு படித்தேன். "நரி வெங்காயம்லா அது, வாயில கீயில வச்சியா?" என்று ஆச்சி போட்ட கூச்சல்தான் எனக்கு முதல் தாவரவியல் பாடம்.

இனி சொல்லுக்கு வருவோம். காயம் என்றால் காரமும் வாசமும் உள்ள சரக்கு. பெருங்காயத்தில் இருப்பதும் அதே காயம். வெங்காயத்தில் வரும் 'வெம்' வெம்மையா வெண்மையா என்று இரண்டு கட்சி உண்டு. நான் வெம்மைக் கட்சி, அது கிடக்கட்டும். ராம்ப்ஸ் என்ற சொல்லோ பழைய ஆங்கிலத்தின் ஹ்ரம்சன் என்பதிலிருந்து வந்தது. ஹ்ரம்சன் ஏற்கெனவே பன்மை. அது மறந்துபோய் அதன் தலையில் இன்னொரு பன்மை விகுதியை வைத்து ராம்சன்ஸ் ஆக்கினார்கள், நாம் 'பூக்கள்கள்' என்று சொன்னால் எப்படியோ அப்படி. ஐரோப்பியச் செடிக்கு இருந்த அந்தப் பெயர் வட்டார வழக்கில் சுருங்கி, குடியேறியவர்களோடு கடல் கடந்து, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் முளைக்கும் அல்லியம் ட்ரைகோக்கம் என்ற இந்தச் செடிக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மண்ணின் மக்களுக்கு அதற்கு முன்பே தங்கள் மொழிகளில் பெயர் இருந்தது. மயாமி-இலினாய் மொழியில் ஷிகாக்வா. சிக்காகோ நகரத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

தமிழில் 'காட்டு' என்ற முன்னொட்டு என்ன செய்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதே இல்லை. காட்டில் விளைவது என்று மட்டும் அது சொல்லவில்லை. 'அது போல இருக்கும், அது அல்ல' என்றும் சொல்கிறது. காட்டாமணக்கு ஆமணக்கு அல்ல. அதன் விதையைத் தின்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காட்டுச்சீரகத்தை ரசத்தில் போட முடியாது. நரி, நாய், பேய் என்று வரும் பெயர்களும் ஏறக்குறைய இதே சாதி: நாய்த்துளசி, பேய்ச்சுரை, பேய்ப்புடல். இந்த முன்னொட்டுகள் பல நேரம் எச்சரிக்கைப் பலகைகள். அந்தப் பலகையைப் பிடுங்கி, தின்னக்கூடிய ஒரு கீரைக்கு மாலையாகப் போட்டுவிட்டார்கள்.

"ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் காலியாக இருந்தது. இங்கே காலியாக இல்லை. நமக்கு மட்டுமா? இந்தியில் ஜங்லி பியாஸ் என்றாலும் இதே நரிவெங்காயம்தான், சமஸ்கிருத வனபலாண்டுவும் அதுதான். சுற்றியுள்ள மொழிகளெல்லாம் இந்தப் பெயரை ஒரு நச்சுக்கிழங்குக்குக் கொடுத்து வைத்திருக்கும்போது, நாம் மட்டும் அதை எடுத்து ஊறுகாய் ஜாடியில் ஒட்டுவதா?

தூய தமிழ் அன்பர் ஒருவர் ராம்ப்ஸுக்குக் 'காட்டுப்பூண்டு' என்று பெயர் வைத்தார். வாசம் பூண்டு போல இருப்பது உண்மை. ஆனால் பூண்டு என்றால் சிறுசெடி என்றும் பொருள், புல்பூண்டு என்கிறோமே. காட்டுப்பூண்டு என்றால் என் காதில் களை என்றுதான் விழுகிறது. 'வனவெங்காயம்' என்று ஒன்று. காட்டை எடுத்துவிட்டு வனத்தை வைத்தால் விஷம் இறங்கிவிடுமா? நானே முதலில் 'காட்டுள்ளி' என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் மலையாளத்தில் நரிவெங்காயத்தின் பெயரே காட்டுள்ளி! அதையும் கைவிட்டேன்.

ஆனால் உள்ளி என்ற சொல்லை விடுவதாக இல்லை. யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு, குமரிப் பக்கம் சின்ன வெங்காயம். இரண்டுக்கும் நடுவில் மணக்கும் ஒரு செடிக்கு இதைவிடத் தோதான சொல் எங்கே கிடைக்கும்? முன்னால் 'இலை' சேர்த்து இலையுள்ளி என்கிறேன். ஏனென்றால் இதில் இலைதான் முக்கியம். விதை முளைத்துப் பூக்கும் பருவத்துக்கு வர 5 முதல் 7 ஆண்டு ஆகும் செடி இது. கிழங்கோடு பிடுங்கினால் அந்த இடம் மொட்டை. கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் 1995 முதல் இதை விற்கவே தடை, சொந்தத்துக்கு ஆளுக்கு 50 கிழங்குதான். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 2004-இல் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் செடிக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டு கிழங்கை மண்ணிலேயே விடுகிறார்கள். பெயரிலேயே இலை இருந்தால் நல்லதுதானே.

அதே குறிப்பில் இன்னும் இரண்டு சொற்கள். காட்டில் போய்ப் பறித்து வருவதை 'தீவனம் தேடல்' என்று எழுதியிருந்தார். அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார் போல. தீவனம் மாட்டுக்கு. மனிதர்கள் கீரை பறிக்கப் போவார்கள், கிழங்கு அகழப் போவார்கள். அடுத்தது 'பாதுகாத்தல்'. தலைப்பைப் படித்தால் வனத்துறை அறிவிப்பு போல இருக்கிறது. ஊறுகாய் போடுதல், வற்றல் போடுதல், வடகம் பிடித்தல் என்று நம்மிடம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் இருக்கிறதே. சின்ன வெங்காயத்தை இடித்து, கடுகும் உளுந்தும் கலந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகம் பாட்டில் நிறைய இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'வெங்காயப் பாதுகாப்பு' என்று எழுத எப்படி மனம் வருகிறது?

சொல் மட்டும் அல்ல, விஷயமும் கெடுகிறது. மூல ஆங்கிலத்தைத் தேடிப் படித்தேன். இலையை எண்ணெய் விட்டு அரைத்து ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறது. தமிழில் ஃப்ரீசரைக் காணோம், 'எண்ணெயில் ஊறவிடவும்' என்பதோடு முடிந்தது. நம் ஊறுகாயில் உப்பும் புளிப்பும் இருப்பதால் கெடாது. புளிப்பு இல்லாத பச்சை இலையை எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைத்தால் காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசக் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இதையெல்லாம் குழுவில் சுருக்கமாகப் போட்டேன். அண்ணன் மகள் விடவில்லை. "அப்ப நேபாளத்துல தால் தாளிக்கிற ஜிம்புவும் காய வச்ச காட்டு உள்ளி இலைதானே, அதுக்கு என்ன பேரு வைப்பீங்க?"

ஜிம்புவுக்கு ஜிம்புதான் பெயர் என்றேன். அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர், சின்னதாக இருக்கிறது, வேறு எதோடும் மோதவில்லை. "அப்ப ராம்ப்ஸையும் ராம்ப்ஸ்னே விடலாமே" என்றாள்.

சரி, விடலாம். இலையுள்ளி பிடிக்காதவர்கள் தாராளமாக ராம்ப்ஸ் என்றே எழுதட்டும். அந்த நரி வெங்காயத்தை மட்டும் சமையலறைக்குள் கூட்டி வராதீர்கள்.