இடமே விடாத சீன வரியை மூளை எங்க வெட்டுது?

சீன மொழில வார்த்தைக்கு நடுவுல இடமே விடமாட்டாங்களாமே, அப்புறம் எது எங்க முடியுதுன்னு எப்படித்தான் படிக்கிறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். செம கேள்வி.

ஒரு எழுத்துன்னா ஒரு அசை, பெரும்பாலும் அதுக்குன்னு ஒரு அர்த்தமும் இருக்கும், ஆனா இன்னைக்கு புழங்குற வார்த்தைங்க பாதிக்கு மேல ரெண்டு எழுத்து சேர்ந்தது. ஹுவோ நெருப்பு, செ வண்டி, ஹுவோசெ ரயில். இது ஈசி. ஆனா மா குதிரை, ஹு புலி, ரெண்டும் சேர்ந்த மாஹு ஏனோதானோன்னு வேலை பார்க்கிறது! இங்க குதிரை, புலி தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, முழு வார்த்தையாவே மனசுல இருக்கணும். சோதனைல என்ன பார்த்தாங்கன்னா, ரயில் மாதிரி வார்த்தைல அடிக்கடி கண்ணுல படுற எழுத்து இருந்தா சட்டுன்னு புரியுது, மாஹு மாதிரி வார்த்தைல அதே பழக்கம் காலை வாருது. அதாவது எழுத்து, முழு வார்த்தை ரெண்டும் மூளைல ஒண்ணாவே கிளம்புது. (சீன எழுத்தெல்லாம் படம், அதனால வலது மூளைல படிக்கிறாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது சுத்தப் பொய், அங்கயும் முக்கிய வேலை இடது பக்கம்தான்.)

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஹுவா, ஷெங், ஜாங்னு மூணு எழுத்து வரிசையா வருதுன்னு வைங்க. ஹுவா தனியா பூ, ஹுவாஷெங் நிலக்கடலை, ஷெங்ஜாங் வளர்றது. இப்போ நடுவுல நிக்கிற ஷெங் யாருக்கு? பஸ்ல ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் துண்டு போட்ட கதைதான். படிக்கும்போது கண்ணும் மூளையும் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயுற சிங்ஷான் லி, பொலாட்செக் ரெண்டு பேரும் 2020ல கொடுத்த மாடல்படி, கண்ணு நிக்கிற இடத்துல இருந்து வலது பக்கம் ரெண்டு மூணு எழுத்துதான் தெரியும், அதுக்குள்ள உருவாகக்கூடிய எல்லா வார்த்தையும் ஒரே நேரத்துல முழிச்சுக்கிட்டு, ஒரே எழுத்துக்கு அடிச்சுக்கிறதுங்க ஒண்ணை ஒண்ணு அமுக்கும். எது ஜெயிக்குதோ அதுதான் வார்த்தை, எல்லையும் அந்த நொடிலயே விழுந்துருது. முதல்ல வெட்டிட்டு அப்புறம் படிக்கிறதுங்கிற கதையே கிடையாது! தப்பான ஆள் ஜெயிச்சுட்டா, பின்னாடி வர்ற வாக்கியம் ஒத்துவராம கண்ணு திரும்பி வரும்.

சரி, நாமளே இடம் விட்டுக் கொடுத்தா வேகமா படிப்பாங்களா? 2008ல பண்ணிப் பார்த்தாங்க. எழுத்துக்கு எழுத்து இடம் விட்டப்போ வேகம் குறைஞ்சுது. வார்த்தைக்கு வார்த்தை விட்டப்போ கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எல்லை தெரிஞ்சதுல கிடைச்ச லாபத்தை, பழக்கமில்லாத தோற்றம் தின்னுருச்சுன்னு நினைக்கிறாங்க.