பயாப்சி: எடுப்பதா, பார்ப்பதா?

பயாப்சி என்று டாக்டர் சொன்னாலே பாதிப் பேர் காதில் கேன்சர் என்றுதான் விழுகிறது. சொல்லுக்குள் அப்படி எதுவும் இல்லை. கிரேக்கத்தில் பியோஸ் உயிர், ஓப்சிஸ் பார்வை. செத்த உடலை அறுத்துப் பார்ப்பது நெக்ராப்சி என்றால், உயிரோடு இருப்பவரிடமிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது இது. 1879இல் மருத்துவத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் பெஸ்னியே, பாரிஸில் இருந்த தோல் மருத்துவர்.

தமிழில் திசு ஆய்வு, திசுப் பரிசோதனை என்கிறோம். நல்ல சொற்கள்தான், ஆனால் பாதியைத்தான் சொல்கின்றன. "பயாப்சி எடுத்தாச்சு" என்கிறோம், அப்புறம் "பயாப்சி வந்துருச்சு" என்றும் சொல்கிறோம். முன்னது சதையை வெட்டி எடுத்தது, பின்னது லேப் அறிக்கை. திசு ஆய்வு பின்னதுக்குத்தான் பொருந்தும். முன்னதுக்குத் திசு எடுப்பு என்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி ("சதை எடுத்து அனுப்பியிருக்காங்க" என்று ஊரில் சரியாகவே பிரித்துச் சொல்கிறார்கள்).

வெறும் சொல் சண்டை இல்லை இது; எடுப்பதில் பிசகினால் ஆய்வும் பிசகும். பழைய தீக்காயத் தழும்பிலோ, தொழுநோயால் உணர்விழந்த பாதத்திலோ வருஷக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணில் புற்று முளைக்கலாம். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதை மார்ஜோலின் புண் என்பார்கள். அந்தப் புண்ணில் சீழும் இருக்கும், சீழைச் சோதித்தால் கிருமியும் கிடைக்கும். கிருமி கிடைத்துவிட்டதே என்று மாத்திரையோடு நிறுத்தினால் அடியில் இருக்கும் புற்று தப்பிவிடும். மறுபக்கமும் உண்டு: சில பூஞ்சைத் தொற்றுகளிலும் தோல் காசநோயிலும் மேல்தோல் தாறுமாறாக உள்நோக்கி வளர்ந்து, மேலாகச் சீவி எடுத்த துண்டில் பார்த்தால் அசல் புற்று மாதிரியே தெரியும். தோல் காசநோய்த் தழும்பில் நிஜமாகவே புற்று வருவதும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

அதனால்தான் புண்ணின் தடித்த விளிம்பிலிருந்து, ஆழமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்கிறார்கள். எடுத்ததை இரண்டு குப்பியில் போட வேண்டும். நுண்ணோக்கிக்குப் போவது, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டியது ஃபார்மலின் படாமல், உப்புநீரில். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் லேப்பில் எதுவும் வளராது. மொத்தத்தையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்பினால் ஆய்வு எவ்வளவு கவனமாக நடந்தும் கிருமி வளர்ப்புக்கு வழியில்லை, திரும்பவும் சதை எடுக்க வேண்டியதுதான்.