பால் இனிப்பு கப்பின் பின்பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகிறது. பால் பணியாரம், கவுனி அரிசி இரண்டையும் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார். போன மாதம் பேரப்பிள்ளைகள் வாங்கிவந்த பாயசக் கப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல கம்மினு போட்டிருக்காம்ல, பாத்துச் சொல்லு தம்பி" என்று நீட்டினார். பார்த்தேன். முன்பக்கம் போட்டிருந்தது 'கொழுப்பு குறைவு' என்றுதான். சீனியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

அதில் பொய்யும் இல்லை. திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாவிட்டால் 'கொழுப்பு குறைவு' என்று போட்டுக்கொள்ளலாம் என 2018-ல் வந்த விளம்பர விதிகளே சொல்கின்றன. அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்துக் கட்டத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை, 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த லேபிள் விதிகள் தீர்மானிக்கின்றன.

எரிசக்தி கிலோ கலோரியில் இருக்க வேண்டும். அப்புறம் புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, சாச்சுரேட்டட் கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம். இவையெல்லாம் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு என்று இருக்கும். ஒரே ஆள் சாப்பிடும் அளவுள்ள பாக்கெட் என்றால் அந்த பாக்கெட்டுக்கு எவ்வளவு என்றும் போடலாம். கூடவே, ஒருமுறை பரிமாறும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் வர வேண்டும். ஒரு நாள் தேவை என்று விதி எடுத்துக்கொள்ளும் அளவு: 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், சாச்சுரேட்டட் கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம்.

பால் இனிப்பில் பலரும் குழம்புவது சர்க்கரைக்கு இரண்டு வரி இருப்பதைப் பார்த்துத்தான். 'டோட்டல் சுகர்ஸ்' என்பது மொத்தம். அதில் பாலுக்கே உள்ள லாக்டோஸும் அடங்கும். பசும்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ நாலரை முதல் 5 கிராம் லாக்டோஸ் உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சினால் அதுவும் சுண்டி அடர்ந்துவிடும். 'ஆடட் சுகர்ஸ்' என்பது தயாரிப்பாளர் தன் கையால் போட்டது. ஆக, சீனியே போடாமல் காய்ச்சிய பால்கோவாவிலும் மொத்தச் சர்க்கரை கணிசமாக இருக்கும். 'சீனி சேர்க்கவில்லை' என்று போட்டால் சர்க்கரையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரையே இல்லை என்ற பொருளில் 'சுகர் ஃப்ரீ' என்று போட, 100 கிராமுக்கு அரை கிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு வரியையும் பார்க்க வேண்டும், அதற்கு மேலே உள்ள கார்போஹைட்ரேட் வரியையும் சேர்த்து.

ஒரு மாதிரிக் கப்பை வைத்துக் கணக்குப் போடுவோம். கப் 125 கிராம். 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 21, சேர்த்தது 16 என்று போட்டிருக்கிறது. 16 என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் யாரும் 100 கிராமோடு கரண்டியைக் கீழே வைப்பதில்லை. முழுக் கப்புக்கு 20 கிராம், அதாவது தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் நாலு கரண்டிச் சீனி. ஒரு நாளைக்கான 50-ல் அது 40 சதவீதம். காலையில் குடித்த காப்பிச் சீனி தனிக்கணக்கு.

ஐஸ்கிரீமில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. டப்பாவில் அளவு மில்லியில் இருக்கும். உள்ளே காற்று அடித்திருப்பதால் 100 மில்லி 100 கிராம் நிற்காது. லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும் என்பதுதான் தரவிதி. கட்டம் 100 கிராமுக்கா, 100 மில்லிக்கா என்று பார்க்காமல் இரண்டு டப்பாக்களை ஒப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி தவறிவிடும். ஐஸ்கிரீம் என்ற பெயரும் சும்மா வருவதில்லை. பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். குறைத்துச் செய்தால் 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' என்று பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தாவர எண்ணெயில் செய்தது 'ஃப்ரோசன் டெசர்ட்', ஐஸ்கிரீம் அல்ல. கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் வைக்கும் கப்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், எது என்று தெரியும்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் போட்டது முதலில். பாலுக்கு முன்னால் சீனி நின்றால் அது என்ன இனிப்பு என்று நானே சொல்ல வேண்டியதில்லை. சைவக்காரர்கள் ஜெலட்டினைத் தேடவும். அது விலங்கிலிருந்து வருவது, ஆகவே பச்சை வட்டம் போடக் கூடாது. பழுப்பு நிற முக்கோணம்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய மனக்குறை மொழியில்தான். இந்த விவரமெல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழிலும் போடத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. கணக்குப்பிள்ளை வைக்காமல் வட்டிக் கணக்கு பார்த்த ஆச்சிகள் இருந்த ஊரில், ஒரு பாயசக் கப்பைப் படிக்கப் பேரன் வர வேண்டியிருக்கிறது.

எல்லா இனிப்புக்கும் இந்தக் கட்டம் வராது. கடைக்காரர் உங்கள் கண்முன்னே நிறுத்துக் கட்டித்தரும் பால்கோவா 'முன்கூட்டியே பொதியப்பட்ட உணவு' ஆகாது. ஆனால் அப்படிச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைத் தட்டுக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சின்னப் பொட்டலத்துக்கும் கட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்கான விவரம் வெளிப் பெட்டியில் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

கட்டமே இல்லை, அல்லது தப்பாகப் போட்டிருக்கிறது என்றால் கப்பின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 14 இலக்க உரிம எண் படத்தில் தெளிவாகத் தெரியட்டும். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லேபிள் தவறான பொருளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உள்ளே இருப்பதன் மீதே சந்தேகம் என்றால், 40-வது பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி ஆய்வுக்கு அனுப்பலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை உண்டு: ஆய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.