வாரண்டி கார்டு பல்லுக்கு இல்லை

பல் போன இடத்தில் ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கானில் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டும் நிலையான பொய்ப்பல், கட்டியவர்கள் பலர் பர்சுக்குள் ஒரு சின்ன அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். 10 வருடம், 15 வருடம் என்று வாரண்டி போட்டிருக்கும். காரைக்குடியில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த அட்டையை யாராவது எடுத்து நீட்டினாலே கொஞ்சம் பயம். அட்டை பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது பிரிட்ஜ் செய்த பொருளைப் பற்றி மட்டும்தான். இருபுறமும் அதைத் தாங்கி நிற்கிற பற்களுக்கு யாரும் வாரண்டி தர முடியாது. பிரிட்ஜே உடைந்து வருகிறவர்கள் குறைவு. தாங்குகிற பல் சொத்தையாகியோ, ஈறு கெட்டோ வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு பல் போன இடத்தில் பிரிட்ஜ் கட்டும்போது, இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, அவற்றின் மேல் தொப்பி போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தொங்கவிடுகிறோம். மூன்றும் சேர்ந்து ஒரே துண்டு. பீங்கானும் உலோகமும் சொத்தையாகாது. தொப்பி முடிந்து சொந்தப் பல் தொடங்குகிற விளிம்பு ஈறை ஒட்டி இருக்கிறதே, கிருமிகளுக்கு அந்த இடம் போதும். அங்கே படியும் மாவுப் படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால், உள்ளே இருக்கும் பல் சத்தமில்லாமல் கரையும்.

சத்தமில்லாமல் என்று சும்மா சொல்லவில்லை. பிரிட்ஜைத் தாங்கும் பற்களில் பலவற்றுக்கு முன்பே வேர் சிகிச்சை செய்திருப்போம். நரம்பு எடுத்த பல் சொத்தையானாலும் கூசாது, வலிக்காது. தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் ஆச்சி, "வலியே இல்லை தம்பி, வாய்தான் ஒரு மாதிரியா நாறுது" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பின்பக்கத்துப் பல் தொப்பிக்குள் பாதிக்கு மேல் போயிருந்தது. பிரிட்ஜைக் கழற்றிக் காட்டினேன். பீங்கான் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உத்தரம் நல்லாத்தான் இருக்கு, தூணுல்ல உளுத்துருக்கு" என்றார் ஆச்சி. அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். வேறு சில அடையாளங்கள் உண்டு. இதுவரை சிக்காத இடத்தில் புதிதாகச் சாப்பாடு சிக்குவது, கடிக்கும்போது ஒரு பக்கம் லேசாக அமுங்குவது போலத் தோன்றுவது, அந்த இடத்தை உறிஞ்சினால் கெட்ட ருசி வருவது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் ஒரு பக்கத்து சிமெண்ட் மட்டும் விட்டுப்போவது உண்டு. மறுபக்கம் கெட்டியாகப் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் கழன்று விழாது. ஒவ்வொரு கடிக்கும் எச்சில் உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருக்கும். முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டால்கூடத் தேவலை, உடனே ஓடி வருவீர்கள். இந்த ஒருபக்கத் தளர்வுதான் மாதக்கணக்கில் தெரியாமல் பல்லைத் தின்றுவிடும்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? காலையும் இரவும் ஃப்ளூரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும் வைத்து, பிரஷ்ஷை ஈறு பக்கம் சாய்த்துத் தேய்க்க வேண்டும். இதைப் பலரும் செய்கிறார்கள். கரித்தூள், உப்புத்தூள், சொரசொரப்பான பல்பொடி போட்டு விரலால் அழுத்தித் தேய்ப்பது மட்டும் வேண்டாம். ஈறு இறங்கி, தொப்பியின் விளிம்பு வெளியே தெரிந்துவிடும்.

விடுபட்டுப் போவது பொய்ப்பல்லின் அடிவயிறு. பிரஷ் அங்கே எட்டாது. மூன்றும் ஒட்டியிருப்பதால் சாதாரணப் பல் நூலை மேலிருந்து இறக்கவும் முடியாது. இதற்கென்றே சூப்பர் ஃப்ளாஸ் என்று ஒரு நூல் விற்கிறார்கள். ஒரு முனை விறைப்பாக, நடுப்பகுதி பஞ்சு மாதிரி, மீதி சாதா நூல். விறைப்பு முனையைக் கன்னத்துப் பக்கமிருந்து பொய்ப்பல்லுக்கு அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுப் பகுதி அடியில் வந்ததும் முன்னும் பின்னும் நாலைந்து தரம் ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு பக்கத்துப் பற்களின் சுவரையும் அதே பஞ்சால் கட்டிப்பிடித்தாற்போல் துடைத்துவிட்டு, ஒரு பக்கமாக உருவி எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு தடவை செய்தால் போதும். பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். வீட்டில் பல் நூல் இருந்தால் அதைக் கோத்து நுழைக்க நைலான் கோப்பான் தனியாகக் கிடைக்கும். முதல் சில நாள் ரத்தம் கசியும். ஈறு வீங்கியிருப்பதால் வருகிற ரத்தம் அது, பயந்து நிறுத்தாதீர்கள். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் வந்து காட்டுங்கள்.

இடைவெளி பெரிதாக இருந்தால் பல்லிடுக்கு பிரஷ் இன்னும் சுலபம். அளவை உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், முட்டித் திணிக்கக் கூடாது. கை நடுங்குகிற பெரியவர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சும் கருவி உதவும், ஆனால் அது நூலின் வேலையை முழுசாகச் செய்யாது. வாய் கொப்பளிக்கும் மருந்தும் அப்படித்தான். ஊக்கு, தீக்குச்சி, விளக்குமாற்றுக் குச்சி பற்றி நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறும் அதன் கீழே உள்ள எலும்பும் வேகமாகக் கெடும். பல் நல்லாயிருந்தும் பிடிமானம் போய்விடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் ஊரில் இருந்துகொண்டு எதையும் தொடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் கையால் உடைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று சாப்பிடலாம். நாட்டுக்கோழி எலும்பைக் கடித்து உடைப்பது, பொருள்விளங்கா உருண்டையை அப்படியே வாயில் போட்டுக் கடிப்பது, கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைப்பது, இந்த மூன்றும் வேண்டாம். பீங்கான் தெறித்துவிடும். பாக்கை உடைக்காமல் சீவலாகப் போடலாமா என்றால், அதுவும் வேண்டாம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கமர்கட், கடலை மிட்டாய் ஒட்டிக்கொண்டு இழுக்கும், குறைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. "பத்து நாள்தான் லீவு, பல்லை எடுத்துட்டு உடனே கட்டி விட்டுருங்க" என்பார்கள். பல் எடுத்த இடத்தில் ஈறும் எலும்பும் முதல் சில மாதங்களில் நன்றாகச் சுருங்கும். அவசரமாகக் கட்டிய பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பிறகு சந்து விழுந்து, சோற்றுப் பருக்கை குடியேறிவிடும். ஆறுவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் வேண்டும். கல்யாண போட்டோவுக்குப் பல் வேண்டுமென்றால் தற்காலிகப் பல் வைத்துத் தருகிறோம். நிரந்தரத்தை அடுத்த பயணத்தில் கட்டிக்கொள்ளலாம். ஊருக்குக் கிளம்பும்போது எக்ஸ்ரேயின் நகலைப் போனில் வாங்கிக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே யாரிடம் காட்டினாலும், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

பிரிட்ஜ் முழுசாகக் கழன்று வந்துவிட்டால் கழுவி, ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். உள்ளே பல் நல்லாயிருந்தால் அதையே திரும்ப ஒட்ட முடியும். சூப்பர் க்ளூ போட்டு நீங்களே ஒட்டாதீர்கள். அந்தப் பசை வாய்க்குள் போடுவதற்கானது இல்லை, கோணலாக ஒட்டிக்கொண்டால் பல்லையும் சேர்த்துக் கெடுக்கும். தளர்ந்த பிரிட்ஜைத் திரும்ப மாட்டிக்கொண்டு தூங்கவும் வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும். அப்படிப் போய் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் எங்களிடம் வராதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.