பஞ்சாங்கம் மண்டைக்குள்ளே இருக்கிறது

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஊசுட்டேரிக்கு வரும் ஊசிவால் வாத்துகள் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகின்றன. சைபீரியாவில் பனி உருகப்போகிறது என்று அவற்றுக்கு யார் சொல்வது?"

யாரும் சொல்வதில்லை. சிக்கலே அதுதான்.

வாத்துக்குத் தெரிவது பகலின் நீளம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் பகல் நீள்வதும் குறைவதும் பள்ளியில் படித்ததுதான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் இருக்கும் புதுச்சேரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மார்ச்சில் நாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை. இதைப் போய் ஒரு பறவை கவனிக்குமா என்றால், கவனிக்கும். பனாமா காட்டுக் குருவி ஒன்று பகல் 17 நிமிடம் கூடியதற்கே இனப்பெருக்கத்துக்குத் தயாராகியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த வெளிச்சத்தை அளப்பது கண் அல்ல.

கரண்ட் போன இரவில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கெல்லாம் சிவக்கும். மற்ற நிறங்களைச் சதையும் ரத்தமும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. பறவையின் மெல்லிய மண்டை ஓட்டிலும் இதே கதைதான். அப்படி உள்ளே போகும் ஒளியை மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில் இருக்கும் செல்கள் நேரடியாக உணர்கின்றன. 1930களில் பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பெனுவா வாத்துகளிடம் இதைக் காட்டினார். (நம் ஊரில் இந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழைய ஆட்கள் இருப்பார்கள்.) கண் இல்லாத வாத்துகளுக்கும் நீண்ட பகலில் விந்தகம் வளர்ந்தது. 1970இல் மைக்கேல் மெனேக்கர் குழு சிட்டுக்குருவியின் தலைத்தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தியது. கண் நன்றாகத் தெரிந்தும், மங்கலான வெளிச்சத்தில் அதன் உடல் பகல் நீண்டதை அறியவே இல்லை. தலை இறகைப் பிடுங்கிய குருவிகள் சுலபமாக அறிந்தன. பாவம்தான், ஆனால் என்ன அழகான சோதனை!

அப்புறம் நடப்பது விறுவிறுவென்று முடியும்: தைராய்டு ஹார்மோன் தூண்டப்படும், பசி கூடும், கொழுப்பு சேரும், இரவில் இருப்புக் கொள்ளாது.

பூமி சூடானாலும் பகலின் நீளம் மாறாது. நெதர்லாந்தில் வசந்தம் முந்துகிறது, குஞ்சுகளுக்கு இரையாகும் கம்பளிப்புழுக்களும் முந்துகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் பழைய கணக்கிலேயே கிளம்புகிறது. புழு மிகவும் முந்திய காடுகளில் இருபது ஆண்டுக்குள் அதன் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்தது. பக்கத்திலிருந்து வரும் பறவைகள் பரவாயில்லை, வானிலை பார்த்துத் தேதியை முன்னே தள்ளிக்கொள்கின்றன.

வாத்து சீக்கிரம் போனால் ஊருக்கு ஆகாது என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஏரி வற்றினாலும் அது போகும், ஐயா! சூடா, தண்ணீரா, எது காரணம் என்று பிரித்தறிய வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடம் திறக்கக் கிடைக்கும் பணம், ஏரிக்கரையில் நோட்டும் பைனாகுலருமாக நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. வில்லியனூர் நண்பரே, அடுத்த முறை தேதியோடு ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.