2014 காருக்குக் கட்டணம், 2007 காருக்கு இல்லை

லண்டனுக்குள் இரண்டு கார்கள் நுழைகின்றன. ஒன்று 2007இல் வாங்கிய பெட்ரோல் கார். பெயிண்ட் உரிந்து, கதவு நெளிந்து கிடக்கிறது. மற்றது 2014இல் வாங்கிய டீசல் கார், இன்னும் பளபளக்கிறது. கம்பத்தில் இருக்கும் கேமரா இரண்டின் எண் பலகையையும் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறது. பழைய கார் சும்மா போகலாம். புதிய காருக்கு அன்றைய கட்டணம் 12.50 பவுண்டு.

பார்த்தால் அநியாயம்தான். ஆனால் சிலிண்டருக்குள் நடப்பதைக் கவனித்தால் கணக்கு புரிந்துவிடும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண நேரத்தில் எதனோடும் சேராத சாது அது. எஞ்சினுக்குள் வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டும்போது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜன் ஆக்சைடாகிவிடுகிறது. நுரையீரலை உறுத்தும் இந்த நஞ்சு பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை, நாம் மூச்சு விடும் காற்று வெந்து பிறக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஒன்றையொன்று தீர்த்துவிடும் அளவில் கலக்கப்படுகின்றன. புகையில் ஆக்சிஜன் மிஞ்சாததால், புகைக்குழாயில் உள்ள வினையூக்கி அந்த ஆக்சைடுகளை எளிதாக உடைத்துவிடும். டீசல் எஞ்சினோ தேவைக்கு மேல் காற்றை இழுத்து எரிக்கிறது. மிஞ்சிய ஆக்சிஜன் இருக்கும்வரை அதே வினையூக்கியின் பருப்பு வேகாது. யூரியாக் கரைசலைப் புகையில் தெளிப்பதுபோல வேறு வழி தேட வேண்டும். ஆம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான், சுத்தப்படுத்தியது. 2020க்குப் பிறகு வந்த நம் ஊர் லாரிகளுக்காக நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்குகளில் வாளிகளில் விற்கிறார்களே, அதுதான்.

ஐரோப்பிய விதிகளில் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்ற வரம்புக்குப் பெட்ரோல் கார்கள் 2006 வாக்கிலேயே வந்துவிட்டன. டீசல் கார்கள் அதே எண்ணுக்கு வர 2015 ஆயிற்று. லண்டனின் திட்டம் வண்டியின் வயதை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறது.

அத்தனை டீசல் கார்களையும் தெருவுக்கு அழைத்து வந்தது அரசேதான் என்பது கூடுதல் வேடிக்கை. 2001இல் பிரிட்டன் கார் வரியைக் கரியமில வாயுவின் அளவோடு பிணைத்தது. டீசல் கார் அதைக் குறைவாக விடும், வரியும் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் புதிய கார்களில் பாதி டீசல். ஒரு வாயுவை மட்டும் எண்ணியவர்கள் மற்றதை மறந்துபோனார்கள். தென்கிழக்கு லண்டனில் நெரிசல் மிகுந்த சாலையருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் இறந்தாள். அவளுக்குக் கடுமையான ஆஸ்துமா. அந்த மரணத்தில் காற்று மாசுக்கும் பங்கு உண்டு என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

2019 ஏப்ரலில் நகரின் மையத்தில் தொடங்கிய கட்டண மண்டலம், 2023 ஆகஸ்டில் லண்டன் முழுக்க விரிந்தது. ஆத்திரப்பட்டவர்கள் இரவோடு இரவாகக் கேமராக் கம்பிகளை அறுத்தார்கள்.

பலன்? 2021இல் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது நைட்ரஜன் டை ஆக்சைடு சராசரியாக 3 சதவீதம்கூடக் குறையவில்லை. எதிர்த்தவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது தொடக்க நாளை ஒட்டிய சில வாரங்களை மட்டுமே. கட்டணம் வரப்போகிறது என்ற பேச்சு அதற்கு வெகு முன்பே அடிபட்டது. 2017 பிப்ரவரியில் மையப் பகுதியில் ஓடிய வாகனங்களில் 39 சதவீதமே விதியைப் பூர்த்தி செய்தவை. 2019 மார்ச்சில், ஒரு பவுண்டுகூட வசூலாவதற்கு முன்பே, அது 61 சதவீதமாகியிருந்தது.