பிராட்ஹெட்: அகன்ற தலையா, அலகா?

அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அம்பு நுனியில் மாட்டும் தகடு வைத்த முனைக்குப் பிராட்ஹெட் என்று பெயர். பயிற்சிக்கு மாட்டுவது வேறு. அது துப்பாக்கிக் குண்டு போல உருண்டு கூம்பியிருக்கும், துளைக்கும், அறுக்காது. பிராட்ஹெட்டில் சவர பிளேடு மாதிரி இரண்டோ மூன்றோ தகடுகள் உண்டு. அம்பு பட்ட விலங்கு சாவது அடியின் அதிர்ச்சியால் அல்ல, ரத்தம் வடிந்து. அதற்குத்தான் தகடு.

ஆங்கிலப் பெயர் வடிவத்தைப் பார்த்து வைத்தது: பிராட் என்றால் அகலம், ஹெட் என்றால் தலை. இடைக்கால இங்கிலாந்தில் கவசத்தைத் துளைக்க ஊசி போன்ற 'பாட்கின்' முனை இருந்தது. வேட்டைக்கு அகன்ற முனை. அந்த அகன்ற அம்பின் உருவமே பிறகு பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் முத்திரையாகி, கைதிகளின் உடுப்பில்கூட ஏறியது.

சரி, தமிழில்? 'அகன்ற தலை' என்றால் ஏதோ உடற்கூறு பாடம் போல இருக்கிறது. நம் வழக்கில் அம்புக்கு இருப்பது நுனை, முனை. முல்லைப்பாட்டில் 'வைந்நுனைப் பகழி' தைத்த குதிரை செவி சாய்த்து, தீனி தின்னாமல் நிற்கிறது. வை என்றால் கூர்மை, பகழி என்றால் அம்பு. புறநானூற்றில் வல்வில் ஓரி எய்ததும் பகழிதான். யானை, புலி, மான், பன்றி என்று உருவிக்கொண்டு போய்ப் புற்றில் கிடந்த உடும்பில் தைத்தது. (இன்றைய வேட்டைக்காரர் யாரும் இதை நம்பப் போவதில்லை.)

'அம்புமுனை' நல்ல சொல், ஆனால் பயிற்சி முனைக்கும் அதுவே பொருந்தும். என் தேர்வு 'அலகுமுனை'. அலகு என்பது பறவையின் மூக்கு, வாளின் தகடு. முருகன் கோயிலில் கன்னத்தில் குத்திக்கொள்வதும் அலகுதான். பாடநூலில் அது 'யூனிட்' ஆகிவிட்டது, இருந்தாலும் அம்போடு வரும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

இந்தப் பெயரை நான் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், ரீகர்வ் வில்லுக்கு முனை தேர்ந்தெடுக்கும்போதும் அகலத்தைவிட அலகின் கூர்மைதான் பெரிது. ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே, நுனிகள் வெளிப்பக்கம் வளைந்தது, அதுதான் ரீகர்வ். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லின் விசை அதற்கு வராது. தகடு அகலமானால் உரசல் கூடும், அம்பு ஆழம் போகாது. பட்டதும் விரியும் வகையோ, விரிவதற்கே விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே அசையாத இரண்டு தகடு வைத்ததையே பலரும் விரும்புகிறார்கள். அதற்காக மிகக் குறுகலாகவும் போக முடியாது. கொலராடோ மாநில விதிப்படி அகலம் குறைந்தது 7/8 அங்குலம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர்.

எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். பரவலாக விற்கும் 125 கிரெய்ன் முனை சுமார் 8.1 கிராம், கிட்டத்தட்ட ஒரு பவுன். அப்புறம், தகடு காற்றைப் பிடிக்கும். அதே எடையுள்ள பயிற்சி முனை சரியாகப் பட்டதே என்று நம்பக்கூடாது, அலகுமுனையையே மாட்டி எய்து பார்க்க வேண்டும்.

வகைகளுக்கும் பெயர் தானாக வருகிறது: அசையாதது நிலையலகு, விரிவது விரியலகு, இரண்டு தகடு ஈரலகு, மூன்று என்றால் மூவலகு. 'அகன்ற தலை'யை வைத்து இதைச் செய்து பாருங்கள்.